பயன்படுத்திய மென்பொருள் உரிமம் வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி: வகை, ஆவணம், செலவு, கால அளவு

ஆறு கணினிகள் கொண்ட எங்கள் சிறிய அலுவலகத்துக்கு, வேறொரு நிறுவனம் பயன்படுத்திக் கைவிட்டதாகச் சொல்லப்பட்ட விண்டோஸ் உரிமங்களை இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். பணம் செலுத்திய பத்தாவது நிமிடத்தில் மின்னஞ்சல் வந்தது. ஐந்தைந்தாகப் பிரித்து எழுதப்பட்ட 25 எழுத்துகள் கொண்ட ஒரே ஒரு கீயும், ஆறு கணினிகளிலும் அதையே இடலாம் என்ற ஒரு வரியும்தான் அதில் இருந்தன. கீயை இட்ட பிறகும் ஆக்டிவேஷன் நடக்கவில்லை என்று நான் எழுதியபோது, தொலைவிலிருந்தே கணினிகளுக்குள் நுழைந்து அவர்களே 'சரிசெய்து' கொடுத்தார்கள். ஏறத்தாழ ஆறு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு ஒரே வாரத்துக்குள் ஆறு திரைகளின் வலது கீழ் மூலையிலும், விண்டோஸை ஆக்டிவேட் செய்யச் சொல்லும் அந்த மங்கலான எழுத்து தோன்றியது. விற்பனையாளரின் கணக்கு அதற்குள் காணாமல் போயிருந்தது.

எல்லாவற்றையும் முறைப்படி சீர்செய்ய எனக்கு ஏழு வாரம் பிடித்தது. அந்த ஏழு வாரத்தில் தெரிந்துகொண்டதை, நீங்கள் பணம் கொடுப்பதற்கு முன் எந்த வரிசையில் பார்க்க வேண்டுமோ அதே வரிசையில் எழுதுகிறேன். பயன்படுத்திய உரிமத்தை வாங்கவே கூடாது என்பது என் கருத்தல்ல. நேர்மையான மறுவிற்பனையும் நடக்கிறது. அதில் மிச்சமாகும் தொகையும் சிறியதல்ல.

1. கைக்கு வருவது எந்த வகை உரிமம் என்று உறுதிசெய்யுங்கள்

விளம்பரத்தில் 'ஒரிஜினல் கீ', 'ஆயுள் முழுவதும்' என்ற சொற்கள் பெரிதாக இருக்கும். உரிமத்தின் வகை மட்டும் இருக்காது. விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். அதற்கு ஒரே சொல்லில் பதில் வரவில்லை என்றால், அங்கேயே விட்டுவிடலாம்.

தனியாகப் பெட்டியிலோ இணைய விற்பனையிலோ வாங்கப்படுவது ரீட்டெயில் உரிமம். விண்டோஸைப் பொறுத்தவரை, இவ்வகையை வேறு கணினிக்கு மாற்றவும், பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டு இன்னொருவருக்குக் கொடுக்கவும் மைக்ரோசாஃப்டின் உரிம விதிகள் இடம் தருகின்றன. பயன்படுத்திய உரிமங்களில் சிக்கல் குறைந்தது இதுதான். ஆனால் ஆஃபீஸ் 2019, 2021 போன்றவற்றின் ரீட்டெயில் கீ, முதன்முறை பதிவுசெய்யப்படும்போதே ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்குடன் கட்டுண்டுவிடும். அதன் பிறகு அந்தக் கீயை விற்பவர் உண்மையில் தம் கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும்தான் விற்கிறார். கடவுச்சொல்லை நீங்கள் மாற்றிவிட்டாலும், மீட்புக்கான தொலைபேசி எண் அவருடையதாக இருக்கும் வரை அந்தக் கணக்கு அவர் கையில்தான் இருக்கிறது.

கணினி தயாரிப்பாளரே நிறுவிக் கொடுப்பது ஓ.இ.எம். உரிமம். விண்டோஸ் 8 காலத்திலிருந்து இதன் கீ பெரும்பாலும் மதர்போர்டில் உள்ள பயாஸிலேயே (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரல்) பதிக்கப்பட்டிருக்கும். உரிம விதிப்படி இது அந்தக் கணினியோடு மட்டுமே கைமாறும். உடைத்து விற்கப்பட்ட மடிக்கணினிகளிலிருந்து உரித்தெடுத்த ஒட்டுச்சீட்டை, அல்லது அதன் புகைப்படத்தை, உரிமம் என்று விற்பவர்கள் இதைத்தான் விற்கிறார்கள். மாறாக, பழைய கணினியையே முழுமையாக வாங்கினால், அதனுடன் வரும் ஓ.இ.எம். உரிமம் உங்களுக்கு முறைப்படி சேரும். கணினியும் தேவை, விண்டோஸும் தேவை என்ற நிலையில் இருப்பவர்கள் இந்த வழியை முதலில் பரிசீலிப்பது நல்லது.

நிறுவனங்கள் மொத்தமாக வாங்குவது வால்யூம் உரிமம். ஏமாற்று அதிகம் நடப்பது இங்கேதான். இதில் இரண்டு வகைக் கீகள் உண்டு. மேக் எனப்படும் கீயை (ஆப்பிளின் மேக் கணினிக்கும் இதற்கும் தொடர்பில்லை) குறிப்பிட்ட எண்ணிக்கையிலான கணினிகளில் ஆக்டிவேட் செய்யலாம். ஆயிரம் கணினிக்கான கீ ஒன்று வெளியே கசிந்தால், அதை ஆயிரம் பேருக்குத் தனித்தனியாக விற்றுவிடுவார்கள். அன்றைக்கு அது வேலையும் செய்யும். கசிந்தது தெரிந்து கீ முடக்கப்பட்ட பிறகு, உங்கள் டிஸ்க் பழுதாகி மறுபடி நிறுவும்போதுதான் அது செத்துப்போனது தெரியவரும். கே.எம்.எஸ். என்ற மற்றொரு முறையில், நிறுவனத்தின் உள்ளேயே ஒரு சர்வர் இருந்து கணினிகளுக்கு 180 நாள் ஒப்புதல் கொடுக்கும். கணினி ஏழு நாளுக்கு ஒரு முறை அதைத் தொடர்புகொண்டு அந்த ஒப்புதலைப் புதுப்பித்துக்கொள்ளும். எனக்கு நடந்தது இதுதான். தொலைவிலிருந்து நுழைந்தவர்கள் எங்கள் கணினிகளை இணையத்தில் எங்கோ இருந்த ஒரு கே.எம்.எஸ். சர்வருடன் இணைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த சர்வர் நின்றதும் எங்கள் 180 நாள் ஓடத் தொடங்கியது. வேதனையான வேடிக்கை என்னவென்றால், அவர்கள் விற்ற அந்த 25 எழுத்துகளைப் பின்னொரு நாள் தேடுபொறியில் இட்டுப் பார்த்தபோது, மைக்ரோசாஃப்டே தன் ஆவணப் பக்கத்தில் எல்லோரும் பார்க்க வெளியிட்டிருக்கும் பொதுக் கீகளுள் ஒன்று அது என்று தெரிந்தது. நான் பணம் கொடுத்து வாங்கியது இலவசமாகக் கிடைக்கும் ஒரு வரியை.

மேலும் ஒரு நுணுக்கம் உண்டு. விண்டோஸ் ப்ரோவின் வால்யூம் உரிமம் மேம்படுத்தல் உரிமம் மட்டுமே. அந்தக் கணினியில் தகுதியுள்ள அடிப்படை விண்டோஸ் உரிமம் ஒன்று ஏற்கனவே இருக்க வேண்டும். வெற்றுக் கணினிக்காக இதை வாங்கினால், விற்பனையாளர் நேர்மையானவராக இருந்தாலும்கூட உங்கள் உரிமம் அரைகுறைதான்.

சந்தா உரிமங்களைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை: அவற்றில் விற்பதற்கு எதுவும் இல்லை. 'மைக்ரோசாஃப்ட் 365 ஆயுள் கணக்கு' என்று விற்கப்படுவது பெரும்பாலும் ஏதோ ஒரு கல்வி நிறுவனத்தின் அல்லது கம்பெனியின் நிர்வாகத்துக்கு உட்பட்ட ஒரு பயனர் கணக்கு. அந்த நிர்வாகி நினைத்தால் உங்கள் கடவுச்சொல்லை மாற்றலாம். ஒன்டிரைவில் நீங்கள் வைக்கும் கோப்புகளைத் திறந்து பார்க்கலாம். மாணவர் பதிப்பு, மறுவிற்பனைக்கு அல்ல என்று அச்சிடப்பட்ட மாதிரிப் பதிப்பு, மென்பொருள் உருவாக்குநர்களுக்கான விஷுவல் ஸ்டுடியோ சந்தாவில் வரும் கீ ஆகியவையும் இதே வரிசையில் ஒதுக்க வேண்டியவை. அவை வேலை செய்யும். ஆனால் உங்கள் அலுவலகப் பயன்பாட்டுக்கு அவற்றில் உரிமை இல்லை.

பொய்யை உடனே பிடிக்க ஓர் எளிய வழி: அப்படியொரு பொருள் எப்போதாவது விற்கப்பட்டதா என்று பாருங்கள். அடோபி 2013 முதல் கிரியேட்டிவ் கிளவுட் சந்தாவுக்கு மாறியது. ஆட்டோகேட் வரைபட மென்பொருளைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் 2016-இல் புதிய நிரந்தர உரிமங்களின் விற்பனையை நிறுத்தியது. ஆகவே 'ஆட்டோகேட் 2024 நிரந்தர உரிமம், ஒருமுறை பயன்படுத்தியது' என்று யாராவது எழுதியிருந்தால், அதை மேலும் விசாரிக்க வேண்டியதே இல்லை.

2. உரிம ஒப்பந்தத்தில் கைமாற்றம் பற்றிய பத்தியைத் தேடிப் படியுங்கள்

நிறுவும்போது நாம் படிக்காமல் ஒப்புக்கொள்ளும் அந்த நீண்ட ஆவணம்தான் உங்கள் வாங்கலின் அடித்தளம். நீங்கள் வாங்கப்போகும் அதே பதிப்புக்கான ஒப்பந்தத்தைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். அடுத்த பதிப்பின் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். விதிகள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். கைமாற்றம் அனுமதிக்கப்பட்டுள்ளதா, எத்தனை முறை, தயாரிப்பாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டுமா, எந்த நாட்டில் அல்லது பிராந்தியத்தில் பயன்படுத்தலாம் என்ற நான்கையும் அதில் குறித்துக்கொள்ளுங்கள்.

மேம்படுத்தல் பதிப்பு என்றால் ஐந்தாவதாக ஒன்றையும் பார்க்க வேண்டும். பழைய பதிப்பிலிருந்து படிப்படியாக மேம்படுத்தி வந்த உரிமத்தில், அந்தச் சங்கிலி முழுவதும் ஒரே கையில் இருந்தால்தான் கடைசிப் பதிப்பு செல்லும். கடைசிப் பதிப்பை உங்களுக்கும் முதல் பதிப்பை வேறொருவருக்கும் விற்கும் ஆட்கள் உண்டு.

ஒப்பந்தம் தெளிவாக இல்லையெனில், தயாரிப்பாளரின் உரிமப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் கிடைக்கும் 'பிரச்சினை இல்லை சார்' என்ற பதிலுக்குப் பின்னாளில் மதிப்பில்லை. வரிசை எண்ணைக் குறிப்பிட்டு, இது யார் பெயரில் பதிவாகியுள்ளது என்று கேட்டால், தனியுரிமை காரணமாகச் சொல்ல மாட்டார்கள். இந்த எண்ணைக் கைமாற்ற முடியுமா, அதற்கு என்ன படிவம், என்ன கட்டணம் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வரும். எனக்கு ஒரு வரைபட மென்பொருளுக்குப் பதில் வர ஒன்பது வேலை நாள் ஆனது. எனவே அவசரத் தேவை உள்ளவர்களுக்கு இந்தச் சந்தை ஏற்றதல்ல.

இசைத் தயாரிப்பு மென்பொருள்களில் நிலைமை சற்று மேல். அந்தத் துறையில் பல நிறுவனங்கள் பயனர் கணக்கின் வழியாகவே உரிமத்தைக் கைமாற்ற இடம் தருகின்றன. சில அதற்குக் கட்டணம் வாங்குகின்றன. அங்கே பணத்தைக் கொடுப்பதற்கு முன், கைமாற்றம் உங்கள் கணக்கில் தெரிய வேண்டும் என்று கேட்பது வழக்கத்துக்கு மாறானதல்ல.

3. உங்களுக்குப் பொருந்தும் சட்டம் எது என்று பாருங்கள்

விற்பனையாளர்கள் அடிக்கடி நீட்டும் துருப்புச் சீட்டு, ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2012 ஜூலை 3 அன்று யூஸ்டுசாஃப்ட் (பயன்படுத்திய உரிமங்களை விற்ற நிறுவனம்) எதிர் ஆரக்கிள் (மென்பொருள் தயாரிப்பாளர்) வழக்கில் அளித்த தீர்ப்பு. இறக்கிக்கொண்ட மென்பொருளையும் மறுவிற்பனை செய்யலாம் என்று அது சொன்னது உண்மைதான். ஆனால் அதனுடன் வந்த நிபந்தனைகளை விளம்பரத்தில் யாரும் போடுவதில்லை. உரிமம் கால வரம்பில்லாததாக இருக்க வேண்டும். பதிப்புரிமையாளரின் சம்மதத்துடன், உரிய விலைக்கு முதலில் விற்கப்பட்டிருக்க வேண்டும். மறுவிற்பனையின்போது முதல் வாங்கியவர் தம் பிரதியைப் பயன்படுத்த முடியாதபடி செய்துவிட வேண்டும். பல பயனர்களுக்கான ஒரே சர்வர் உரிமத்தை உடைத்து, மிஞ்சியதை மட்டும் விற்கவும் கூடாது. ஜெர்மனியின் உச்ச சிவில் நீதிமன்றம் 2014-இல், தனித்தனியாக நிறுவக்கூடிய பிரதிகளின் தொகுப்பைப் பிரித்து விற்கலாம் என்று இதைத் தெளிவுபடுத்தியது. மூல டிஸ்க் தொலைந்தோ பழுதாகியோ போன நிலையில், அதன் காப்புப் பிரதியைப் பதிப்புரிமையாளரின் அனுமதியின்றி விற்க முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றமே 2016-இல் சொன்னது.

அமெரிக்காவில் காற்று எதிர்த்திசையில் அடிக்கிறது. வெர்னர் எதிர் ஆட்டோடெஸ்க் வழக்கில் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-இல், ஒப்பந்தத்தில் உரிமம் என்று குறிப்பிட்டு, கைமாற்றத்தையும் பயன்பாட்டையும் கணிசமாகக் கட்டுப்படுத்தியிருந்தால், வாங்கியவர் அந்தப் பிரதியின் உடைமையாளர் ஆகமாட்டார் என்று தீர்ப்பளித்தது. உடைமையாளர் இல்லையென்றால் மறுவிற்பனை உரிமையும் இல்லை.

ஆகவே 'சட்டப்படி செல்லும்' என்று விற்பனையாளர் சொன்னால், எந்த நாட்டில், எந்த நிபந்தனையுடன் என்று திருப்பிக் கேளுங்கள். ஐரோப்பாவில் முதலில் விற்கப்பட்ட உரிமத்துக்கு அங்கே கிடைத்த தீர்ப்பு, வேறு நாட்டில் உட்கார்ந்திருக்கும் உங்களைக் காப்பாற்றும் என்று எண்ணிவிடாதீர்கள். தொகை பெரியது என்றால், உங்கள் நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசுவதற்கான செலவையும் வாங்கும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

4. ஆவணங்களைப் பணத்துக்கு முன் கேட்டு வாங்குங்கள்

கீ என்பது பூட்டைத் திறக்கும் கருவி மட்டும்தான். வீடு யாருடையது என்பதைப் பத்திரம்தான் சொல்லும். மென்பொருள் உரிமங்களைச் சரிபார்க்கும் ஒரு தணிக்கையாளர் வந்து உட்கார்ந்தால், மென்பொருள் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று அவர் பார்ப்பதில்லை. எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்பார். விண்டோஸ் சர்வரை அணுகுவதற்கான கேல் உரிமங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: சாதாரண கேலுக்குக் கீயே கிடையாது, எங்கும் இட வேண்டியதும் இல்லை. ஆவணம் இல்லையென்றால் அந்த உரிமம் இருப்பதாகக் காட்டவே வழியில்லை.

கேட்க வேண்டியவை நான்கு. முதலாவது, முதல் வாங்கியவருக்குத் தயாரிப்பாளரோ அவருடைய முகவரோ கொடுத்த விற்பனை இன்வாய்ஸின் நகல். விலையை மறைத்துக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளலாம். பொருளின் பெயர், பதிப்பு, எண்ணிக்கை, தேதி, ஒப்பந்த எண் ஆகியவை மறைந்திருக்கக் கூடாது. இரண்டாவது, அந்த உரிமத்துக்கான மூல ஒப்பந்தம் அல்லது உரிமச் சான்று. மூன்றாவது, முதல் உரிமையாளர் தம் எல்லாக் கணினிகளிலிருந்தும் மென்பொருளை நீக்கிவிட்டதாகவும், பிரதி எதையும் வைத்துக்கொள்ளவில்லை என்றும் கையெழுத்திட்டுக் கொடுக்கும் உறுதிமொழி. நான்காவது, முதல் உரிமையாளரிடமிருந்து இடைத்தரகர் வழியாக உங்கள் பெயர் வரை ஒவ்வொரு கைமாற்றத்துக்குமான கடிதம். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் மற்றவற்றால் பயனில்லை.

இந்த மூன்றாவது ஆவணத்தில்தான் பெரும்பாலான பேரங்கள் உடைகின்றன. இரண்டாவது முறை வாங்கியபோது நான் அணுகிய ஒரு விற்பனையாளர், தம் பெயரிலேயே ஓர் உறுதிமொழியை அனுப்பினார்: 'எங்களுக்குத் தெரிந்த வரையில் முந்தைய பயனர் நீக்கிவிட்டார்.' தெரிந்த வரையில் என்ற இரண்டு சொற்கள் அந்தத் தாளையே வெறும் தாளாக்கிவிடுகின்றன. நீக்கியவர் யாரோ அவரே, தேதியிட்டு, எத்தனை பிரதிகள் என்று எண்ணிக்கை எழுதி, கையெழுத்திட வேண்டும். முதல் உரிமையாளரின் பெயரை வணிக ரகசியம் என்று மறைப்பவரிடம் வாங்காதீர்கள். அந்த ரகசியம் காப்பாற்றப்படும் வரை உங்கள் உரிமம் நிரூபிக்கப்படாது.

மூடப்பட்ட நிறுவனத்தின் சொத்துகளோடு மென்பொருளும் ஏலத்துக்கு வருவது உண்டு. அங்கே உறுதிமொழி கொடுக்க ஆளே இருக்க மாட்டார். சொத்துகளைக் கலைக்கும் பொறுப்பிலுள்ள அதிகாரி கையெழுத்திட்ட பட்டியலில் அந்த உரிமத்தின் பெயர் தனி வரியாக இருந்தால் மட்டும் யோசியுங்கள். 'கணினிகளும் அதைச் சார்ந்தவையும்' என்ற வரி போதாது.

5. விலையைக் கணக்கிடும்போது மறைந்திருப்பதையும் சேருங்கள்

புதிய உரிமத்தின் விலையில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே கிடைக்கிறது என்றால், அது பயன்படுத்திய உரிமம் அல்ல, கசிந்த கீ அல்லது திருடிய கடன் அட்டையில் வாங்கிய கீ என்று வைத்துக்கொள்வதே என் வழக்கம். ஆவணங்களோடு விற்கும் நேர்மையான விற்பனையாளருக்கு அந்த ஆவணங்களைச் சேகரிக்கவே செலவாகும். அவரால் அவ்வளவு மலிவாகக் கொடுக்க முடியாது.

நேர்மையான விலைக்கு மேலும் சில தொகைகள் சேரும்: தயாரிப்பாளர் வாங்கும் கைமாற்றக் கட்டணம், பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதிதாகத் தொடங்குவதற்கான தொகை, டாங்கிள் (உரிமத்தைத் தாங்கிய, கணினியில் செருகும் சிறு கருவி) என்றால் அதை அனுப்பும் செலவும் காப்பீடும். பராமரிப்பு ஒப்பந்தம் உரிமத்தோடு தானாகக் கைமாறுவதில்லை. இடையில் விட்டுப்போன வருடங்களுக்கும் சேர்த்துக் கட்டினால்தான் மீண்டும் சேர்ப்போம் என்று சொல்லும் நிறுவனங்கள் உண்டு. அப்படிக் கட்டிக் கூட்டிப் பார்த்தால் சில சமயம் புதிய உரிமமே மலிவாக இருக்கும்.

அடுத்தது ஆயுள். விண்டோஸ் 10, ஆஃபீஸ் 2016, ஆஃபீஸ் 2019 ஆகிய மூன்றுக்குமான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. ஆஃபீஸ் 2021-க்கு 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவிக்கப்பட்டது. இவை விற்பனைக்குக் குவியும் காரணமும் அதுவே. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத மென்பொருளை எத்தனை மாதம் ஓட்டப்போகிறீர்கள் என்று எண்ணி, விலையை அந்த மாதங்களால் வகுத்துப் பாருங்கள். ஆக்டிவேஷன் சர்வரையே நிறுத்திவிட்ட பொருள்களும் உண்டு; அடோபியின் சி.எஸ்.2 வரிசை அப்படிப்பட்டது. டாங்கிளில் இருக்கும் உரிமம் பாதுகாப்பானது என்று நினைப்பவர்கள், அந்த டாங்கிளுக்கான சேவை இன்னும் நடக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிறுவனமாக வாங்குவோர் தணிக்கைச் செலவையும் எண்ண வேண்டும். மைக்ரோசாஃப்டின் வால்யூம் ஒப்பந்தங்களில், உரிமமின்றிப் பயன்படுத்தியது 5 சதவீதத்தையோ அதற்கு மேலோ எட்டினால், தணிக்கைச் செலவை வாடிக்கையாளரே ஏற்று, குறையும் உரிமங்களை விலையின் 125 சதவீதத்துக்கு வாங்க வேண்டும் என்ற விதி வழக்கமாக இடம்பெறுகிறது. மிச்சம் பிடித்தது எல்லாம் அங்கே போய்விடும்.

6. பணம் கொடுக்கும் நாளையும் வழியையும் நீங்களே தீர்மானியுங்கள்

நேரடி வங்கிப் பரிமாற்றம், பரிசு அட்டை, மறைநாணயம் ஆகிய வழிகளில் மட்டும் பணம் கேட்பவரைத் தவிருங்கள். கடன் அட்டையில் செலுத்தினால் தகராறு எழுப்ப ஒரு வழி இருக்கிறது. ஆனால் அதற்கும் கெடு உண்டு: பெரிய அட்டை நிறுவனங்களின் விதிகளில் அது பொதுவாக 120 நாள். கே.எம்.எஸ். ஒப்புதலோ 180 நாள். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள 60 நாள் இடைவெளியில்தான் என் பணம் மூழ்கியது. அட்டை வழங்கிய வங்கியிடம் நான் போனபோது கெடு முடிந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

தொகை பெரிதென்றால் இரண்டு தவணையாகப் பேசுங்கள். ஆவணங்களைச் சரிபார்த்ததும் ஒரு பாதி, தயாரிப்பாளரின் பதிவில் உங்கள் பெயர் வந்ததும் மறுபாதி. மின்னஞ்சலில் ஆவண நகல்கள் வந்து, நீங்கள் சரிபார்த்து, தயாரிப்பாளரிடம் கேட்டு, பதில் வாங்கி முடிக்க மூன்று முதல் ஆறு வாரம் ஒதுக்குங்கள். 'இன்றைக்குள் முடிவு சொல்லுங்கள், வேறொருவர் கேட்கிறார்' என்று வரும் செய்திக்கு, அவருக்கே கொடுத்துவிடுங்கள் என்று பதில் எழுதலாம்.

7. நிறுவிய அன்றே சோதியுங்கள்

விற்பனையாளர் அனுப்பும் நிறுவல் கோப்பைத் தொடாதீர்கள். நிறுவல் கோப்பு தயாரிப்பாளரின் தளத்திலிருந்துதான் வர வேண்டும். ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வதும், சிறிய 'ஆக்டிவேட்டர்' நிரல் ஒன்றை ஓட்டச் சொல்வதும், தொலைவிலிருந்து நுழைய அனுமதி கேட்பதும் பேரத்தை அங்கேயே முறித்துக்கொள்ள வேண்டிய அறிகுறிகள். முறையான உரிமத்துக்கு இவற்றில் எதுவும் தேவைப்படாது.

விண்டோஸில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, எஸ்.எல்.எம்.ஜி.ஆர். என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளையும், ஓர் இடைவெளி விட்டு முன்சாய்கோட்டுடன் டி.எல்.ஐ. என்ற மூன்று எழுத்துகளையும் இட்டு எண்டர் தட்டுங்கள். சிறிய பெட்டி ஒன்று திறக்கும். அதன் இரண்டாவது வரியில் உரிமத்தின் வகை என்ன என்று எழுதியிருக்கும். ரீட்டெயில் என்று வாங்கியிருந்தால் அங்கே ரீட்டெயில் என்றே இருக்க வேண்டும். எங்கள் கணினியில் இதைப் பார்த்தபோது அந்த வரி 'வால்யூம் கே.எம்.எஸ். கிளையன்ட்' என்று முடிந்திருந்தது. புதிதாக ஒப்புதல் பெற்ற கணினியில் அதற்குக் கீழே 259200 நிமிடம், அதாவது 180 நாள் என்று காலக்கெடுவும் தெரியும். டி.எல்.ஐ.க்குப் பதில் எக்ஸ்.பி.ஆர். என்று இட்டால், ஆக்டிவேஷன் நிரந்தரமானதா, எந்தத் தேதியில் முடிகிறது என்று ஒரே வரியில் சொல்லிவிடும். முதல் நாளே இந்த அரை நிமிட வேலையைச் செய்திருந்தால் நான் இதை எழுத வேண்டியே இருந்திருக்காது.

இரண்டு பெட்டிகளையும் படமெடுத்துத் தேதியுடன் சேமியுங்கள். தகராறு எழுப்ப நேர்ந்தால், அட்டை நிறுவனம் முதலில் கேட்பது இத்தகைய சான்றைத்தான். பிறகு ஒவ்வொரு உரிமத்துக்கும் தனிக் கோப்புறை ஒன்று தொடங்கி, நான்கு ஆவணங்கள், மின்னஞ்சல் தொடர், பணம் செலுத்திய ரசீது, எந்தக் கணினியில் எந்த நாளில் நிறுவப்பட்டது என்ற குறிப்பு ஆகியவற்றை அதில் வையுங்கள். உரிமம் பயன்பாட்டில் இருக்கும் காலம் முழுவதும் அந்தக் கோப்புறையும் இருக்க வேண்டும். நாளை நீங்களே அதை விற்க நினைத்தால், உங்கள் கையில் இருக்கும் சரக்கும் அதுதான்.

8. ஏமாந்தது தெரிந்தால் முதல் இரண்டு நாளில் செய்ய வேண்டியவை

வெட்கப்பட்டு நாளைக் கடத்தாதீர்கள். நான் அப்படி எட்டு நாளை வீணாக்கினேன். முதலில், தொலைவிலிருந்து யாராவது நுழைந்திருந்தால், அந்தக் கணினிகளை வலையமைப்பிலிருந்து பிரித்துவிட்டு, வேறொரு சுத்தமான கணினியிலிருந்து மின்னஞ்சல், வங்கி, அலுவலகக் கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றுங்கள். உரிமம் போனது சிறிய இழப்பு. உள்ளே நுழைந்தவர் என்ன விட்டுச் சென்றார் என்பது பெரிய கேள்வி. அடுத்து அட்டை வழங்கிய வங்கிக்கும் விற்பனைத் தளத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். விற்பனையாளர் 'வேறு கீ தருகிறேன்' என்று சொல்வார். அந்த இரண்டாவது கீயை ஏற்றுக்கொண்டால், பல தளங்களில் புகார் தீர்ந்ததாகக் கணக்காகி, கெடுவும் ஓடிவிடும். ஆகவே பணத்தைத் திருப்பிக் கேட்பதோடு நில்லுங்கள்.

தரவுகளை நகலெடுத்துக்கொண்டு, டிஸ்க்கைத் துடைத்து, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கிய கோப்பைக் கொண்டு புதிதாக நிறுவுங்கள். பழைய நிறுவலின் மேல் புதுக் கீயை இட்டு ஒப்பேற்ற வேண்டாம். நாங்கள் ஆறு கணினிகளையும் அப்படித்தான் துடைத்தோம். ஆறு புதிய உரிமங்களுக்கான தொகையை ஒதுக்கி வைத்துவிட்டு நிறுவலைத் தொடங்கியபோது, அவற்றுள் இரண்டு கணினிகள் கீயே கேட்கவில்லை. நிறுவி முடித்து இணையத்தில் இணைந்ததும் தாமாகவே ஆக்டிவேட் ஆகிவிட்டன. எங்களுக்கு வேண்டிய அதே பதிப்புக்கான ஓ.இ.எம். கீ, நாங்கள் வாங்கிய நாளிலிருந்தே அவற்றின் பயாஸில் இருந்திருக்கிறது.